நாற்பத்தொன்றாம் குழாய்

பந்தநோவுக்குத் தெற்கே, வாய்க்கால் மூன்று தாண்டி
கைப்பம்பு ஒன்று.
அதன் காலடியில் சிமெண்ட்டுப் பலகை.
பர்மிய எழுத்தில் நாலு வரி.
கீழே, தமிழ் தெரியாத கொத்தன் பார்த்துச் செதுக்கிய பெயர்:
காமளவல்லி.
கொம்பு விழுந்த கோமளவல்லி நான்.

ஐந்து வயதில் குளத்துத் தண்ணீர்
வாந்திபேதியாக வந்து என்னை உலுக்கிப் பார்த்தது.
பிழைத்தேன்.
அரிசி மில்லின் மூன்று மாதச் சம்பளத்தை அப்பா
நூற்றுப்பத்து அடி ஆழத்தில் இறக்கினார்.
ஊர் கைகூப்பி
சாது, சாது, சாது என்றது.

இப்போது புட்டியில் அந்தத் தண்ணீர்.
பொடி இரண்டு. மூடிக்குள் வெள்ளைக் காகிதம்.
இருபது நிமிடம்.
படகுக்காரர் கோ தெட் நைங் வெற்றிலை மடிக்கிறார்.
தனக்கா காய்ந்த கன்னத்தோடு மா ஏ மூ
குடத்தை நிரப்பிக்கொண்டே சொல்கிறாள்,
இந்தக் கரையிலேயே இதுதான் இனிப்பு.
இனிப்புத்தான்.

காகிதம் மஞ்சளானது.
அங்கேயே நின்றிருக்கலாம்.
பழுப்பானது.

கீழே என்ன நடக்கிறது என்று எழுதத்தான் எனக்கு உதவித்தொகை:
ஆறு அரைத்துக் கொண்டுவந்த வண்டலில்
ஒவ்வொரு மணலுக்கும் ஒரு துருச் சட்டை.
சட்டை மடிப்பில் ஆர்சனிக்,
முந்தானையில் முடிந்த காசு மாதிரி, சத்தமில்லாமல்.
புதைந்த சருகு உண்டு. காற்று இல்லை.
காற்றில்லாத இடத்தில் ஒரு நுண்ணுயிர்
துருவை மூச்சாக்கிக்கொள்கிறது.
துரு கரைகிறது. முடிச்சு அவிழ்கிறது.
அதற்கு நஞ்சு என்றால் என்னவென்று தெரியாது.
யார் மேலும் கோபம் கிடையாது.
ஆய்வேட்டில் முதலில் குற்றவாளி என்று எழுதினேன்.
அடித்துவிட்டுக் காரணி என்று எழுதினேன்.
அதுவும் சரியில்லை.

ரங்கூன் ஆய்வகத்தில் இன்னொரு சீசா இருக்கிறது.
அதற்குள் கந்தகத்தை மூச்சாக்கும் வேறொரு கூட்டம்.
ஆறாம் வாரம் அடியில் மஞ்சள் மாவு படிந்தது.
தமிழில் இதற்கு என்ன பெயர் என்று தேடினேன்.
அரிதாரம்.
ராஜபார்ட் முகத்தில் அப்பிக்கொண்டு
விடிய விடிய ஆடுவானே, அதேதான்.
பூட்டிவைக்கவும் தெரிந்திருக்கிறது இவற்றுக்கு,
திறந்துவிடவும்.

பத்துக்கு மேல் கூடாது என்கிறது உலகம்.
ஐம்பது வரை போகலாம் என்கிறது சர்க்கார்.
நாற்பத்தொன்று: நூற்று எண்பத்தாறு.
எந்தக் கணக்கிலும் தப்பிக்க முடியாத எண்.

அப்பாவுக்குப் போன் செய்தேன்.
உன் குழாயைப் பார்த்தியா, தண்ணி நல்லா வருதா?
நல்லா வருதுப்பா என்றேன்.
அது பொய்யில்லை.

மா ஏ மூ உள்ளங்கையை விரித்தாள்.
புழுதியில் முதல் தூறல் விழுந்தது போலப்
புள்ளி புள்ளியாய்.
வயலில் வேலை செய்வதால்தானே என்று கேட்டாள்.
பத்தொன்பது வருடம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பம்பின் மூக்கில் சிவப்புப் பெயிண்ட் பூசினோம்.
துவைக்கலாம். குளிக்கலாம். குடிக்க வேண்டாம், சோறாக்கவும் வேண்டாம்.
பெயர்ப் பலகையைப் பெயர்த்துவிடவா என்றார் கோ தெட் நைங்.
இருக்கட்டும். யாராவது தேடி வந்தால்
கேட்க ஒரு பெயர் வேண்டும்.

ராத்திரி ஒரு மண்பானை.
செங்கல் ஜல்லி, மணல், துருப்பிடித்த ஆணி இரண்டு கிலோ.
மேலே இருந்து இந்தத் தண்ணீரையே மெல்ல ஊற்றினோம்,
காற்றுப் பட, சொட்டுச் சொட்டாக.
கீழே கைவிட்ட துரு மேலே பிடித்துக்கொள்ளும் என்பது
என் மூன்றாம் அத்தியாயம்.

காலையில் பதினாலு.

பத்துக்கு நாலு கூட.
நாலு என்றால் எவ்வளவு என்று மா ஏ மூ கேட்கிறாள்,
குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல்.
இன்னும் ஆணி வேண்டும்.
பழைய படகுகளை எங்கே உடைக்கிறார்கள் என்று
விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.